அரைக் கட்டுக் கீரை

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்றவர். அவருக்குப் பொழுது போகவில்லை என்றால் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்துவிடும். குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற அறிவிப்பும் அப்படித்தான் வந்தது. பச்சை வாளியில் ஈரக் குப்பை, நீல வாளியில் உலர்ந்த குப்பை. காலையில் இரண்டையும் வாசலில் வைத்துவிட வேண்டும். எல்லோரும் கை கூப்பிய பொம்மைகளைப் போட்டு ஆமோதித்தார்கள். நானும் ஒரு பொம்மை போட்டேன்.

அந்த வாரமே ஒரு விஷயம் என் கண்ணை உறுத்தியது. எதிர் வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை என்று மூன்று பேர். என் வீட்டில் நான் ஒருத்தி. இரண்டு வாசலிலும் பச்சை வாளி ஒரே உயரத்துக்கு நிறைந்திருந்தது. ஒரு நாள் என்னுடையது கொஞ்சம் கூடுதலாகக்கூட இருந்தது. லிப்டுக்குக் காத்திருந்தபோது அதைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்றாலும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

காரணம் தெரிந்ததுதான். என் கை நாலு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. அப்பா, அம்மா, தம்பி, நான் என்று கிழக்குத் தாம்பரத்தில் இருந்த காலத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து அடுப்படி என்னுடையது. அப்பா போனார், அம்மா போனாள், தம்பி வேலையோடும் குடும்பத்தோடும் புனேவுக்குப் போனான். நான் பெருங்களத்தூருக்கு, இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் விதவிதமான பதில்கள் வைத்திருக்கிறேன். அவை இங்கே வேண்டாம். வீடு மாறியது, ஆட்கள் மாறினார்கள், கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒருத்திக்கு என்று துவரம்பருப்பை அள்ளினால் அது தானாகவே நாலு பேருக்கு வந்து நிற்கும். குறைத்துப் போட்டால் குக்கருக்குள் பருப்பு அடிப்பிடிக்கும். ஒரு ஆளுக்கு சாம்பார் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புளி கூடும், உப்பு கூடும், கடைசியில் தண்ணீர் ஊற்றி ஊற்றி அது மறுபடியும் நாலு பேருக்கு ஆகிவிடும்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதையாவது பிடித்துக்கொண்டால் உடும்புப் பிடிதான். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் நான் காலம் தள்ளியதே அந்தக் குணத்தால்தான். என் வீட்டிலிருந்து இனி வீணாக ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று முடிவுசெய்தேன். உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை. எதிர் வீட்டு வாளியைவிட என் வாளி நிறையக் கூடாது, அவ்வளவுதான்.

இறங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, தனியாக இருப்பவர்களுக்கு இந்த ஊரில் எல்லாமே பொட்டலமாகத்தான் கிடைக்கும் என்பது. குடும்பஸ்தர்கள் பெரிய டின்னில் எண்ணெய் வாங்குவார்கள். நமக்குச் சின்னக் கவர். அவர்களுக்கு மூட்டை அரிசி. நமக்குப் பளபளக்கும் பை. பாலும் சின்ன பாக்கெட், மாவும் சின்ன பாக்கெட், அரைத்த இஞ்சி பூண்டு அதைவிடச் சின்ன பாக்கெட். சின்னதாக வாங்க வாங்க நீல வாளி பெரிதாக நிறைந்தது. ஆள் குறைந்தால் குப்பையும் குறையும் என்று நான் போட்டிருந்த கணக்கு தலைகீழாகிவிட்டது.

சனிக்கிழமைகளில் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பருப்புக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, செக்கெண்ணெய்க்கு ஒரு பாட்டில். மளிகைக் கடைக்காரர் முதலில் டப்பாவைத் தராசில் வைத்து எடை பார்த்து, பிறகு சாமானைப் போட்டு மறுபடி எடை பார்த்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "கவர்ல போட்டுக் குடுத்தா ஆச்சு. இந்தம்மா பெரிய பேஜார் பண்ணுது" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் போனை நோண்டத் தொடங்கினார். அந்தக் கடைக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கு நான் வாரம் தவறாமல் வருகிற கிராக்கி.

பிறகு மண்பானை வந்தது. மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பானையில் காய்கறித் தோலைப் போட்டுத் தென்னை நார்த்தூளைத் தூவ வேண்டும். நிறைந்ததும் கீழே மாற்ற வேண்டும். நாளாக ஆகக் கடைசிப் பானையில் கறுப்பாக உரம் சேரும். பால்கனியில் அதை வைத்ததும் மேல் வீட்டிலிருந்து ஈ வருகிறது என்று புகார் போயிற்று. செயலாளர் நேரில் வந்து, மூக்கைப் பானைக்குள் விடாத குறையாக மோந்து பார்த்துவிட்டு, "மண் வாசனைதான் வருது மேடம்" என்று ஏமாற்றத்துடன் இறங்கிப் போனார்.

உரம் வந்துவிட்டது, அதை என்ன செய்வது? என்னிடம் இருப்பவை ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் ஒரு கற்றாழையும். இரண்டும் எவ்வளவுதான் தின்னும்? ரயிலுக்குப் போகிற வழியில் ஒரு புங்கமரம் இருக்கிறது. காலையில் ஒரு துணிப்பையில் உரத்தைக் கொண்டுபோய் அதன் அடியில் கொட்டிவிட்டு, நாலு பக்கமும் கையால் பரப்பிவிட்டேன். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் எட்டி நின்றே, பயபக்தியோடு கேட்டார், "இன்னாம்மா, ஏதாச்சும் பரிகாரமா?"

நான் உரம் என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த முறை போனபோது மரத்தடியில் யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தார்கள்.

அன்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரயிலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே சிரிக்கும் பெண்மணியாக தாம்பரம், சானடோரியம் எல்லாம் தாண்டினேன். அப்புறம்தான் உறைத்தது, இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை என்பது. ஆபீசில் எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள், காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பவர்கள். தம்பிக்கு போன் செய்து சொன்னால், "நல்லா சாப்பிடறியாக்கா?" என்பான். குரோம்பேட்டையில் இறங்கும்போது சிரிப்பு போய்விட்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பால்கனியில் நின்று, பெரிய சாலையில் போகும் பஸ்களின் ஆரன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழக் கதையை எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் முறை அதில் ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றிலும் கஷ்டமானது கீரைதான். காலையில் எங்கள் கேட்டுக்கு ஒரு அம்மா தள்ளுவண்டியில் கீரை கொண்டுவருவார். கட்டு ஒவ்வொன்றும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு. ஒரு கட்டு அரைக்கீரை எனக்கு மூன்று நாளைக்கு வரும். கீரையோ மறுநாளே வாடிவிடும். ஒரு நாள் துணிந்து பாதிக் கட்டு கேட்டேன்.

"இன்னாம்மா, கீரையப் போய் பாதி கேக்குற? கட்டப் பிரிச்சா மீதிய நான் யார் தலையில கட்டறது? வூட்ல எத்தினி பேரு?"

"ஒருத்திதான்."

"ஒருத்திக்கு இன்னாத்துக்கு கீரை?" என்றார் அந்த அம்மா. கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. சாதாரணமாக யார் என்ன சொன்னாலும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அன்று பர்சுக்குள் சில்லறையைத் தேடினேன். பக்கத்தில் எதிர் வீட்டுப் பெண் நின்றிருந்தாள். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். குரோம்பேட்டையில் வளர்ந்தவள், குழந்தைக்காக வேலையை விட்டவள், கணவனுக்கு ஐ.டி. கம்பெனியில் இரவு ஷிப்ட் என்பவை வரைக்கும் எனக்கு லிப்டில் தெரிந்திருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அக்கா, எங்க வீட்டுலயும் கீரைன்னா நான் மட்டும்தான் சாப்பிடுவேன். நாம ஒரு கட்டு வாங்கிப் பிரிச்சுக்கலாமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கீரைக் கட்டை அவள் வாசலில் உட்கார்ந்து பிரித்தோம். பிறகு பூசணிக்காய், வாழைத்தண்டு, முட்டைக்கோஸ் என்று ஒருத்திக்கு அதிகமாகிற எல்லாமே இரண்டாயின. தேங்காய் உடைத்தால் கண் இருக்கும் மூடியை அவளே எடுத்துக்கொள்வாள். அதுதான் சீக்கிரம் கெட்டுப்போகும்; எங்கள் வீட்டில் காலைச் சட்னிக்கே தீர்ந்துவிடும், உங்களுக்குத்தான் இரண்டு நாள் தாங்க வேண்டும் என்பாள். என் வாழ்க்கையில் என் தேங்காய் மூடியைப் பற்றி யாரும் இவ்வளவு யோசித்ததில்லை. கேலியாகத்தான் அவளிடம் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, குனிந்து சிதறிய தேங்காய் நாரைப் பொறுக்கினேன்.

எலுமிச்சம்பழக் கதையை அவளிடம் சொன்னபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று அது மறுபடியும் நல்ல கதையாகிவிட்டது.

எனக்கு வம்பு பேசப் பிடிக்காது என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மாதங்களில் ஆபீஸ் விட்டு வந்ததும் எதிர் வீட்டுக் கதவு திறக்கிற சத்தத்துக்குக் காது தன்னால் போகும். குழந்தைக்குப் பல் விழுந்தது, மாமியார் ஊரிலிருந்து போனில் திட்டியது, வேலைக்குத் திரும்பிப் போகலாமா என்ற அவளுடைய யோசனை, எல்லாம் வாசல்படியில் கீரை ஆய்கிற நேரத்துக்குள் பேசி முடிந்துவிடும். உள்ளே போய் உட்கார்ந்து பேசியது குறைவு. வாசல் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த அடுக்குமாடி முழுவதிலும் எனக்கென்று திறக்கும் கதவு அது ஒன்றுதான்.

இதற்கு நடுவில்தான் பாத்திரப் போக்குவரத்து தொடங்கியது. நாலு பேருக்குச் சமைக்கிற கைக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது அல்லவா? கீரைக் கூட்டு மிஞ்சினால் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு எதிர் வீட்டில் கொடுத்துவிடுவேன். டப்பா மறுநாள் திரும்பி வரும். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது, ஒரு பழமாவது உள்ளே இருக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோன பாத்திரம்தான் வெறுமையாக வரும். அங்கே அடுப்பு எரியாது, போட்டுக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் என் கூட்டு போன டப்பாவில் அவளுடைய வத்தக்குழம்பு வந்தது. வத்தக்குழம்போடு தன் கிண்ணம் ஒன்றிலும் அவள் எதையாவது கொடுத்திருந்தால் அதை நான் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிரப்பிக் கொடுத்தால் அதுவும் நிரம்பித்தான் வரும்.

கொஞ்ச நாளில் எந்தப் பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. என் பிரிட்ஜில் அவள் வீட்டுப் பாத்திரங்கள் வரிசையாக நின்றன. சேமியாப் பாயசம், எலுமிச்சைச் சாதம், குழந்தை பிறந்தநாளுக்குச் செய்த கேசரி. ஆடி வெள்ளிகளில் இனிப்பு. எனக்குச் சர்க்கரை வரலாமா வேண்டாமா என்று எல்லையில் நின்று யோசித்துக்கொண்டிருந்த சமயம். டாக்டர் ஏற்கெனவே முறைத்திருந்தார். நாலு பேருக்குச் சமைக்கிற வியாதிக்கு மருந்து தேடப் போனவள், இப்போது ஏழு பேருக்கான சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

தின்ன முடியாததை மண்பானையில் போட்டேன். சமைத்த உணவு மண்பானைக்கு ஆகாது. எண்ணெயும் நெய்யும் சேர்ந்தால் நாறும், புழு நெளியும். நெளிந்தது. மேல் வீட்டுக்காரர்களின் புகார் இந்த முறை உண்மையாகிவிட்டது. வீணாக ஒன்றும் போகக் கூடாது என்று சபதம் எடுத்தவள் வீட்டிலிருந்துதான் தளத்திலேயே அதிகமாக வீணாயிற்று. எனக்கு என்மேல் எரிச்சல், பாத்திரங்கள்மேல் எரிச்சல், கடைசியில் அவள்மேலும் கொஞ்சம் எரிச்சல். அவள் கதவைத் தட்டுவதும் வேண்டும், அவள் கையில் பாத்திரமும் இருக்கக் கூடாது என்று நான் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நவராத்திரி வந்தது. அவள் கொலு வைத்திருந்தாள். முதல் நாள் என்னை அழைத்து, கொலுவுக்கு எதிரே பாயில் உட்காரவைத்து, குங்குமம் கொடுத்தாள். நான் பாடமாட்டேன் என்று தெரிந்தும் பாடச் சொன்னாள். அதன் பிறகு தினமும் சுண்டல் வந்தது. அவள் வீட்டிலிருந்து மட்டுமில்லை, குடியிருப்பு முழுவதுமே சுண்டல்தான். கடலை, பட்டாணி, காராமணி என்று என் பிரிட்ஜ் ஒரு தானியக் கிடங்கு போல ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கிண்ணம் நிறைய சர்க்கரைப் பொங்கல் வந்தது. நெய் மிதந்தது, முந்திரி மினுங்கியது. ஒரு வாய் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றேன். மீதியை இரண்டு நாள் பிரிட்ஜில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பால்கனிக்குப் போய்ப் பானைக்குள் கவிழ்த்துவிட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் மறுபடி டப்பாவோடு வந்து நின்றாள். நான் அன்று ஆபீசிலிருந்து ரயிலில் நசுங்கி வந்திருந்தேன். ஆனால் நான் சொன்னது எரிச்சலில் வாய்தவறி வந்தது இல்லை. பல நாளாக மனசுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்ததைத்தான் சொன்னேன். மாதக் கடைசியில் ஆபீசில் குறிப்பு அனுப்புவேனே, அந்தத் தொனியில்.

"இங்க பாரு, இனிமே பாத்திரத்தை வெறுமையாவே குடுத்துடு. நானும் அப்படியே குடுத்துடறேன். தப்பா நெனைக்காத. நமக்குள்ள எதுக்கு இந்த சம்பிரதாயம்? எல்லாம் வீணாத்தான் போவுது."

அவள் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். "வீணாப் போச்சாக்கா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வித்தை வராது. "ஒரு வாய் போக, மீதிப் பொங்கலை மண்பானையிலதான் போட்டேன்" என்றேன்.

"பிரசாதம்க்கா அது."

"மண்ணுக்குத்தானே போகுது. குப்பையில போடலையே."

 அவளுக்குப் பின்னால், திறந்திருந்த அவள் வீட்டுக்குள் கொலுவுக்குப் போட்டிருந்த சின்ன விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. "சரிக்கா" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. டப்பாவை என்னிடம் கொடுக்கவா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு, அதை எடுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

இன்றைக்கும் நான் சொன்னதில் ஒரு பாதியை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. மண்ணில் போட்டது மண்ணாகும், மரத்துக்குப் போகும். அதில் அவமரியாதை என்ன இருக்கிறது? இதையே யாராவது சாமியார் சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் அந்தப் பானையில் புழு நெளிந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். கொலுவுக்கு முன்னால் வைத்துப் படைத்து, சூடு ஆறுவதற்குள் எனக்கென்று கொண்டுவந்த பொங்கல் அதற்குள் கிடப்பதைத்தான் அவள் மனசில் பார்த்திருப்பாள். உரமாகப் போகிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. எனக்குத்தான் அப்படித் தோன்றும்.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக் கதவின் பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. அவளிடம் இருந்த என் பாத்திரங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. தேய்த்துக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, மூடிகளைப் பொருத்தி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு சீனித் துகள்கூட இல்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே செய்திருந்தாள். முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. அவளுடைய பாத்திரங்களை நானும் கழுவித் துடைத்து, அதே பையில் போட்டு, அவள் கதவின் பிடியில் மாட்டினேன். வெறும் பாத்திரங்களை இன்னொரு வீட்டு வாசலில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். இழவு வீட்டிலிருந்துதானே இப்படிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததை உடனே அதட்டி அடக்கினேன்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. லிப்டில் பார்த்தால் சிரிப்பாள், சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். கீரைக்கார அம்மா வந்தால் மட்டும் கீழே வரமாட்டாள். அவள் வாசலில் இப்போது, போனில் ஆர்டர் போட்டால் செயலிக்காரர்கள் கொண்டுவந்து வைக்கிற பைகள் இருந்தன. ஆய்ந்து, நறுக்கி, தட்டில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய கீரை. அவள் ஒருத்திக்குப் போதுமான அளவில் அது கிடைக்கிறது. அந்தத் தட்டுகள் அவள் நீல வாளியில் சேர்வதைத் தினமும் பார்த்தேன். குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும் கீரை வாங்குவதை விட்டுவிட்டேன்.

என் பானை தேறிவிட்டது. நாற்றம் போயிற்று, புழு போயிற்று. கைக்கும் கொஞ்சம் புத்தி வந்து, பருப்பு ஒரு ஆளுக்கு அடங்கத் தொடங்கியது. பச்சை வாளியை வெளியே வைக்கத் தேவையே இல்லாத நாட்கள் வந்தன. தீபாவளிக்கு முன்னால் செயலாளர் என் வாசலைப் படம் பிடித்து, குப்பையே இல்லாத வீடு என்று பாராட்டிக் குழுவில் போட்டார். கைதட்டல், பூங்கொத்து, கட்டை விரல் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எதிர் வீட்டிலிருந்தும் ஒரு கட்டை விரல் வந்தது. மற்ற எல்லா விரல்களையும் போலத்தான் அதுவும் மஞ்சளாக இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை, யாரும் வரவுமில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூர் சாலையை அடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள். ஆபீஸ் மதியமே விட்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எல்லோருக்கும் போக ஓர் ஊர் இருந்தது, பெட்டி நிறையச் சாமான் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஒரு யோசனை தோன்றியது. பிரிட்ஜில் ஒரு கரண்டி தயிர்தான் மிச்சம் இருந்தது. உறைக்கு என்று வைத்திருந்தது. அதை எடுத்து நின்றபடியே தின்றேன். வேண்டுமென்றேதான் தின்றேன். பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவைத்தேன்.

உறைமோர் கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதில் எந்த மானக்கேடும் இல்லை. சண்டை போட்டவர்கள்கூடக் கேட்பார்கள், சண்டை போட்டவர்கள்கூடக் கொடுப்பார்கள். விளக்கு வைத்த பிறகு கேட்டால் சிலர் யோசிப்பார்கள். அதனால் அவசரமாக, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினேன். கிண்ணம் எடுத்துப்போகவில்லை. மளிகைக்கும் எண்ணெய்க்கும் டப்பாவோடு திரிகிறவள் அன்று வெறுங்கையோடு போனேன். என் கையில் பாத்திரம் இல்லையென்றால் அவள் தன் பாத்திரத்தில்தான் கொடுத்தாக வேண்டும். அதை நான் கழுவ வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமையாகக் கொடுக்கப்போவதில்லை. முறுக்கு சுடுவதற்கு அரிசிகூட ஊறவைத்துவிடலாம் என்று கதவைத் தட்டும்போதே மனசு கணக்குப் போட்டது. நாலு பேருக்குச் சுடலாம்.

அவள் திறந்தாள். இடுப்பில் துண்டைச் செருகியிருந்தாள், உள்ளே எண்ணெய் காயும் வாசனை. "வாங்கக்கா" என்றாள்.

"ஒரு ஸ்பூன் உறைமோர் வேணும். பால் ஆறிட்டிருக்கு. தயிர் தீர்ந்துபோச்சு."

"ஒரு நிமிஷம்க்கா" என்று உள்ளே போனாள். அலமாரியில் பாத்திரம் உரசும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பிரிட்ஜ் கதவு திறந்து மூடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் ஒரு தயிர் பாக்கெட். பிரிக்காத, முழு பாக்கெட்.

"இவ்வளவு எதுக்கு? ஒரே ஒரு ஸ்பூன் போதும். ஒரு கிண்ணத்துல ஊத்திக் குடேன்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவதுபோலக் கேட்டது.

அவள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டாள். "பரவால்லக்கா, ஆர்டர் போட்டதுல ரெண்டு வந்துது. வெச்சுக்கோங்க. திருப்பித் தர வேணாம்" என்று என் உள்ளங்கையில் வைத்தாள். அன்பாகத்தான் சொன்னாள். அடுப்பைக் காட்டிச் சிரித்துவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நான் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது சில்லென்று இருந்தது, வேர்த்து விரலில் நீர் வடிந்தது. ஒரு பழைய கிண்ணத்தில், அடி ஒடுங்கினதாக இருந்தாலும் சரி, ஒரு கரண்டி கொடுத்திருக்கலாம். நாளைக்கு அந்தக் கதவைத் தட்ட எனக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.